ஃபீமி கவிழ்த்த கோப்பை

ஃபீமி பெட்ரியை எனக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏதோ நட்புக்காக எழுதுகிறேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். டண்டீ நகரத்தில், சணல் ஆலைகளுக்குப் பின்னால் உள்ள ஒரு சந்தில், நாலாம் மாடியில், அவள் கதவும் என் கதவும் எதிரெதிரே இருந்தன. இரண்டு வீட்டுக்கும் சேர்த்து வாசலில் ஒரே குழாய், ஒரு மாடி இறங்கினால் ஒரே கழிப்பறை. ஏழு வருஷம் தினமும் அவள் முகத்தில்தான் விழித்தேன். வேலைக்குப் போனால் அங்கேயாவது விட்டாளா? என் தறிக்குப் பக்கத்துத் தறி அவளுடையது.

ஆனால் அவளுடைய மாமியார் டேவினா பெட்ரியைப் பார்த்த பிறகு ஃபீமியைப் பார்த்தால் தேவதை மாதிரி இருப்பாள். கிழவி நாற்பது வருஷம் நூற்பு மில்லில் நின்றவள். ஃபீமியோ நெசவுக்காரி. எங்கள் ஊரில் அது சின்ன விஷயம் இல்லை. நூற்கிறவள் தலையில் ஒரு சால்வையைப் போட்டுக்கொண்டு ஓடுவாள். நெசவுக்காரி தொப்பி வைத்து, கையுறை மாட்டிக்கொண்டுதான் தெருவில் இறங்குவாள். போய்ச் செய்வதென்னவோ எண்ணெய் நாறுகிற அதே சணல் வேலைதான். இருந்தாலும் தொப்பி தொப்பிதான், நானும் வைத்திருக்கிறேன். நூற்கிறவளின் ஒற்றை மகனை நெசவுக்காரி கட்டிக்கொண்டு வந்து, அதே அறையில் குடியும் இருந்தால் என்ன நடக்கும் என்று எங்கள் மாடிப்படியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

"வந்துட்டாளா தொப்பிக்காரி?" என்பாள் கிழவி, மருமகள் வாசலில் கால் வைக்கும்போதே. "டேய் ஆர்ச்சி, எந்திரிச்சு நில்லுடா. மகாராணி தொப்பியக் கழட்டுறாங்க, கையில வாங்கிக்க."

ஃபீமியும் லேசுப்பட்டவள் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவைகூட அவளை அம்மா என்று கூப்பிட்டதில்லை. ஒரே அடுப்பில் காய்ந்துகொண்டு, தபாலாபீசில் பேசுகிற மாதிரி பேசுவாள். "மிஸஸ் பெட்ரி, காலை நகத்துறீங்களா? கரி போடணும்."

இந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஆர்ச்சி. பதினெட்டு வயது முடிந்ததும் ஆலையில் அவனை நிறுத்திவிட்டார்கள். ஆம்பிளைக் கூலி தரவேண்டிய வயது வந்ததும் பையன்களை அனுப்பிவிடுவது இங்கே வழக்கம். அதற்குப் பிறகு பெண்டாட்டி உழைக்க, அவன் வீட்டில் இருந்துகொண்டு தேநீருக்குக் கெட்டில் வைத்தான். ஊரில் பாதி ஆண்களுக்கு அதுதான் உத்தியோகம். நல்லவன் என்று எல்லோரும் சொல்வார்கள். கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் பக்கம் சாய்கிற நல்லவன். எனக்கு அவனைப் பார்த்தாலே எரிச்சலாக வரும்.

அவர்களுக்கு இருந்தது ஒரே அறை. சுவருக்குள் பதித்த கட்டில் கிழவிக்கு. வெளிச்சுவரை ஒட்டித் தரையில் போட்ட மெத்தை மற்ற மூன்று பேருக்கும். மூன்றாவது ஆள் அவர்கள் மகள் எல்சி, நாலு வயது. அந்த வெளிச்சுவர் காய்ந்து நான் பார்த்ததில்லை. ஃபீமி செய்தித்தாளை ஒட்டுவாள், வாரம் முடிவதற்குள் ஊறி உரிந்து குழந்தையின் மேலேயே விழும். எல்சி அக்டோபரில் இருமத் தொடங்கினால் மே மாதம் வரை நிறுத்த மாட்டாள். சுவருக்கு இந்தப் பக்கம் படுத்து நான் அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். என் வீட்டுச் சுவரும் அதே லட்சணம்தான். என் இரண்டு பையன்களும் அதில் முதுகைக் கொடுத்துத்தான் தூங்கினார்கள்.

இருபத்தாறாம் வருஷம் ஊருக்கு மேலே மேட்டில் நகரசபை புது வீடுகள் கட்டியது. இரண்டு அறை, வீட்டுக்குள்ளேயே குழாய், வீட்டுக்குள்ளேயே கழிப்பறை. பெயர் கொடுக்க ஃபீமியும் நானும் ஒரே காலையில்தான் போனோம். அவள் எனக்கு முன்னால் போய் நின்றாள். அதனால் பட்டியலில் அவள் பெயர், அதற்கு அடுத்தது என் பெயர். பிப்ரவரியில் அவளுக்குக் காகிதம் வந்தது. மே மாதம் வீடு தயாராகும், புருஷன் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடும். என் புருஷன் சண்டைக்குப் போய்ப் பிரான்ஸ் மண்ணுக்குள் இருக்கிறான், ஆகவே நானே கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம். ஃபீமிக்கு அந்தச் சௌகரியம் இல்லை.

காகிதம் வந்த முதல் சனிக்கிழமையே கிழவி வேலையை ஆரம்பித்தாள்.

டேவினா தேயிலை பார்ப்பவள், கோப்பையில் ஒட்டிய இலையைப் பார்த்துக் குறி சொல்பவள். சனிக்கிழமை மத்தியானம் ஆலைச் சங்கு ஊதியதும் மாடிப்படியில் உள்ள பெண்கள் எல்லோரும் அவள் அறையில்தான் இருப்போம். ஞாயிற்றுக்கிழமை பார்க்கக் கூடாது, அது கர்த்தரின் நாள். சனிக்கிழமை கர்த்தர் கண்டுகொள்ள மாட்டார் போலிருக்கிறது. கோப்பையில் கடைசி ஒரு மடக்கை விட்டுவைக்க வேண்டும். இடது கையால் இடப்பக்கமாக மூன்று சுற்று, பிறகு சாசரில் கவிழ்த்து வடியவிட்டுக் கிழவியிடம் நீட்ட வேண்டும். அவள் நிமிர்த்திப் பார்ப்பாள். கைப்பிடிதான் உன் வீடு. விளிம்பில் ஒட்டியிருந்தால் இன்று நாளை நடப்பது, அடியில் கிடந்தால் தூரத்தில் இருப்பது. காம்பு கிடைத்தால் யாரோ வரப்போகிறார்கள் என்று பல்லில் கடித்துப் பார்ப்பாள். கெட்டியாக இருந்தால் வருகிறவன் ஆண், மெத்தென்று இருந்தால் பெண். எங்கள் எதிர்காலம் தேயிலைக்குத் தெரியும் என்று நான் நம்பவில்லை. ஆனாலும் எந்தச் சனிக்கிழமையும் என் கோப்பையை நீட்டாமல் எழுந்து வந்ததில்லை.

அன்றைக்கு அவள் மகன் கோப்பையை வாங்கிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள்.

"பாம்பு," என்றாள். "கைப்பிடிய விட்டு வெளிய போற வழியில படுத்திருக்கு. வீட்ட விட்டுக் காலெடுத்து வெச்சா கடிக்கும் ராசா. நான் என்ன பண்ணட்டும்? இருக்கிறதத்தான சொல்ல முடியும்."

அடுத்த வாரமும் பாம்பு. அதற்கடுத்த வாரம் உடைந்த ஏணி. ஆர்ச்சி முகம் வெளுத்துப்போய், "இந்த வருஷம் வேணாம் ஃபீமி, அடுத்த தடவ பாக்கலாம்," என்றான். கிழவியின் தந்திரம் எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. கிழவியை மேட்டுக்குக் கூட்டிப்போகிற எண்ணம் ஃபீமிக்கு இல்லை; அவன் போய்விட்டால் அவளுக்கு யார் நாலு மாடி கரி தூக்குவது? தெரிந்தும் யாரும் வாய் திறக்கவில்லை.

திங்கட்கிழமை ஃபீமி என் கதவைத் தட்டினாள். என்னிடம் உப்புக்கூடக் கேட்காதவள்.

"டீனா, உன் வீட்டுல எத்தன கப்பு இருக்கு?"

"அஞ்சு. ஒண்ணு கைப்பிடி இல்லாதது."

"நாலு போதும். கெட்டிலப் போடு. நான் படிக்கப் போறேன்."

"எதை?"

"டீயிலையத்தாண்டி, வேறெதை? அந்தக் கிழவிக்குப் புரியிற பாஷ எனக்கும் வரணும்ல?"

அந்த மார்ச் மாதம் முழுக்க நான் குடித்த தேநீருக்குக் கணக்கே இல்லை. முதலில் என் வீட்டுப் பொடித்தூளைப் போட்டோம். சேறு மாதிரி அப்பிக்கொண்டது, உருவமே வரவில்லை. அப்புறம் அவளே பெரிய இலையாக வாங்கிக்கொண்டு வந்தாள். வேலை முடிந்து வந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல் என் மேசையில் உட்கார்ந்து கோப்பைக்குள் முறைப்பாள்.

"வாத்து," என்பாள்.

"வாத்துன்னா என்ன அர்த்தம்?"

"வாத்துன்னா வாத்துதான். இரு, அவசரப்படாத."

"பத்து நிமிஷமா மூக்கப் பிடிச்சுக்கிட்டுக் குடிச்சேன், ஒரு வாத்துக்கா?"

ஆனால் அவள் பிடிவாதக்காரி. அதையும் சொல்ல வேண்டும். சனிக்கிழமைகளில் கிழவிக்குப் பின்னால் துணி மடிப்பது போல நின்று பார்த்தாள். எது படகு, எது நங்கூரம், எது மோதிரம் என்று கற்றுக்கொண்டாள். நாலாவது வாரம் என்னிடம் வந்து, "அவ கப்பப் பாக்குறதே இல்ல டீனா. முதல்ல மூஞ்சியப் பாக்குறா. அதுல என்ன இருக்கோ அதத்தான் கப்புல தேடுறா," என்றாள். அதைப் பிடித்துக்கொண்ட பிறகு அவளுக்குக் கை வந்துவிட்டது. தறிகளுக்கு நடுவே தேநீர் குடிக்கும் பத்து நிமிஷத்தில் நெசவுக்காரிகளுக்குப் பார்க்க ஆரம்பித்தாள். ஒருத்தியிடம் கடல் தாண்டிக் கடிதம் வரும் என்றாள், வந்தது. அந்த வாரத்திலிருந்து அவள் தறிக்கு முன்னால் கோப்பையோடு கூட்டம். சத்தத்தில் ஒன்றும் கேட்காது. அவள் உதட்டை அசைப்பாள், நாங்கள் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வோம். ஏப்ரல் முடிவதற்குள் எங்கள் மாடிப்படிப் பெண்களும் முதலில் அவளிடம் காட்டிவிட்டு அப்புறம் கிழவியிடம் போனார்கள். கிழவிக்கு அது தெரியாமல் இருக்குமா? வயிறெரிந்தாள்.

ஒன்றை மட்டும் இங்கே சொல்லியாக வேண்டும். சாவு தெரிந்தால் தேயிலை பார்ப்பவள் அதை வாயால் சொல்ல மாட்டாள். பார்த்து முடித்த கோப்பையை மறுபடி சாசரில் கவிழ்த்து வைப்பாள். எழுந்து போய்க் குழாயில் கழுவிவிடுவாள். கேட்டால், ஒன்றுமில்லை, தூள் சரியில்லை என்பாள். அவ்வளவுதான். கேட்டவளும் மேலே கேட்க மாட்டாள். டேவினா அப்படிக் கவிழ்த்து நான் பார்த்தது ஒரே தடவை. பதினைந்தாம் வருஷம் செப்டம்பர் மாதம், என் கோப்பை. "ஒண்ணுமில்ல," என்றாள். பத்தாம் நாள் ராணுவக் காகிதம் வந்தது. தேயிலையை அவள் போடவில்லை, குண்டையும் அவள் போடவில்லை. இருந்தும் கிழவியை நான் மன்னித்ததில்லை.

மே மாதம் இரண்டாவது காகிதம் வந்தது. வரும் வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் கையெழுத்து. அதற்கு முந்தைய சனிக்கிழமை, படி ஏறும்போது ஃபீமி என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இன்னைக்கு முடிச்சுடுறேன். தன்னோட கப்பத் தானே படிக்கக் கூடாதுல்ல? முப்பது வருஷமா கிழவி கப்ப யாரும் பாத்ததில்ல. உள்ளுக்குள்ள செத்துக்கிட்டு இருக்கா, என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்க. இன்னைக்கு எங்கிட்ட நீட்டுவா பாரு."

"நீட்டினா?"

"தேன் ஒழுகச் சொல்லுவேன். மகன் மேட்டுல நல்லாருப்பான், நீங்க உங்க அடுப்புப் பக்கத்துல ராணி மாதிரி இருப்பீங்க, நித்தம் ஆளுங்க வருவாங்கன்னு சொல்லுவேன். சந்தோஷமா அனுப்பி வெப்பா. அதுவரைக்கும் என் வாய நான் கட்டிக்கணும். அதான் கஷ்டம்."

அறையில் கிழவி, ஆர்ச்சி, இரண்டாம் மாடி அக்கா தங்கை இரண்டு பேர், நான். எல்சி மெத்தையில் இருந்தாள். ஆர்ச்சி தேநீர் ஊற்றிவிட்டுத் தன்னுடையதைக் குடித்துக் கவிழ்த்தான். கிழவி எடுத்துப் பார்த்தாள்.

"அதே பாம்பு."

"குடுங்க," என்று ஃபீமி கையை நீட்டி அதே கோப்பையை வாங்கினாள். "பாம்புக்குக் குறுக்குக் கோடு இருக்குமா, மிஸஸ் பெட்ரி? எண்ணிப் பாருங்க, ஏழு படி. இது மாடிப்படி. கைப்பிடியிலருந்து மேல போகுது. மேட்டுக்குப் போகுது."

இரண்டாம் மாடிக்காரிகள் எட்டிப் பார்த்தார்கள். "படிதான்," என்றாள் அக்கா. "படிதான் ஆர்ச்சி," என்றாள் தங்கை. ஆர்ச்சியும் பார்த்துவிட்டு, "படி மாதிரிதான் இருக்கு," என்றான். அந்த நிமிஷம் வீடு ஃபீமி கையில் இருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்தேன். எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

கிழவியின் முகம் கறுத்தது. தன் கோப்பையில் இருந்ததைக் குடித்தாள். இடது கையால் மூன்று சுற்றுச் சுற்றிக் கவிழ்த்தாள். வடிந்ததும் மருமகள் முன்னால் தள்ளினாள்.

"அவ்வளவு படிச்சவதான? எனக்குப் படி."

ஃபீமி நிமிர்த்தினாள். அவள் தோளுக்கு மேலே நானும் எட்டிப் பார்த்தேன். கைப்பிடிக்குப் பக்கத்தில், விளிம்புக்குக் கீழே, ஒரு பறவை. இரண்டு சிறகும் விரித்திருந்தது. தேயிலையில் பறவையைவிட நல்லது எதுவும் இல்லை. நல்ல செய்தி, அதுவும் சீக்கிரமே, அதுவும் வீட்டுக்கே. சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும், அவ்வளவு சுத்தமான பறவை. ஃபீமி பொய்கூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சிரித்தாள். வாயைத் திறந்தாள்.

அப்போது எல்சி இருமினாள். எப்போதும் போல நீளமாக, கடைசியில் மூச்சை இழுத்து.

"கேட்டீங்களாடி?" என்றாள் கிழவி எங்களைப் பார்த்து. "பெட்ரி வம்சத்துல ஒருத்தருக்கும் இந்த இருமல் கிடையாது. தொப்பிக்காரி கொண்டாந்த சீதனம். இத மேட்டுக்குத் தூக்கிட்டுப் போனா மட்டும் பொழச்சிடுமாக்கும்."

ஃபீமி வாயை மூடிக்கொண்டாள். கிழவியை நேராகப் பார்த்தாள். பிறகு கோப்பையை மெதுவாகச் சாசரில் கவிழ்த்தாள், எழுந்தாள், வாசலுக்குப் போனாள். குழாய்த் தண்ணீர் கொட்டுகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது.

ஈரக் கோப்பையோடு அவள் திரும்பி வந்தபோது கிழவி கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"என்னடி பாத்தே?"

"ஒண்ணுமில்ல, மிஸஸ் பெட்ரி," என்றாள் ஃபீமி. அதை எவ்வளவு ருசித்துச் சொன்னாள் என்று நான் பார்த்தேன். "தூள் சரியில்ல."

கிழவி கட்டிலில் ஏறிப் படுத்தாள். படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஃபீமிக்குத் தான் செய்தது உறைத்துவிட்டது. ஆர்ச்சி கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு அம்மா கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "சாகப்போற அம்மாவ விட்டுட்டு நான் எங்க போறது?" என்று வாசலுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் கேட்டான். ஃபீமி அவனிடம் சொன்னாள், கோபத்தில் கவிழ்த்தேன், கோப்பையில் கெட்டது எதுவும் இல்லை என்று. ஆர்ச்சி அவளைப் பாவமாகப் பார்த்தான். சாவைப் பார்த்தவளும் அதைத்தானே சொல்லுவாள்?

அவள் கிழவியிடமே போனாள். எங்கள் கதவுகள் இரண்டும் திறந்திருந்தன, எல்லாம் கேட்டது.

"நல்ல பறவ இருந்துச்சு. சத்தியமா. நான்தான் ஆத்திரத்துல கவுத்துட்டேன். எந்திரிங்க. எந்திரிங்கம்மா."

"அம்மான்னு கூப்பிடுறா," என்று கிழவி அழ ஆரம்பித்தாள். "ஏழு வருஷமா கூப்பிடாதவ கூப்பிடுறா. ஆர்ச்சி, எனக்கு நாள் நெருங்கிடுச்சுடா."

ஃபீமி சூப் வைத்துக் கொடுத்தாள். அது கடைசி சூப் என்று அழுதுகொண்டே கிழவி கிண்ணத்தை வழித்துக் குடித்தாள். தலையணையைத் தட்டிப் போட்டால் அதற்கும் அழுகை. மருமகள் எவ்வளவு இதமாக நடந்துகொண்டாளோ அவ்வளவு சீக்கிரம் சாவு வருவதாக அந்த வீட்டில் ஆயிற்று. எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஆர்ச்சி என் கதவுக்கு வந்தான். நான் துணி அலசிக்கொண்டிருந்தேன். அவனுக்குப் பின்னால், தன் வாசலில், ஃபீமி நின்றாள்.

"டீனாக்கா," என்றான். "நீங்க அவ பக்கத்துல உக்காந்திருந்தீங்க. நீங்க கப்புக்குள்ள பாத்தீங்களாம். டீனாவக் கேளு, அவ சொல்லுவான்னு ஃபீமி சொல்றா. என்ன இருந்துச்சு? பறவயா?"

என் பெரிய பையன் மெத்தையைச் சுவரிலிருந்து நகர்த்திக்கொண்டிருந்தான், ஈரம் பட்ட பக்கத்தைத் திருப்பிப் போட. நாளை மத்தியானத்தோடு வீடு பட்டியலில் அடுத்த பெயருக்கு, என் பெயருக்கு. அது எனக்குத் தெரியும், ஃபீமிக்கும் தெரியும். தெரிந்தும் என்னிடம் அனுப்பினாள். ஆர்ச்சி யார் கடைசியாகச் சொல்கிறார்களோ அதை நம்புகிறவன். நான் சொன்னால் போதும்.

"நான் பாக்கலயே ஆர்ச்சி," என்றேன். "என் கண்ணு உங்க அம்மா மூஞ்சி மேல இருந்துச்சு."

அவன் தலையாட்டிவிட்டுப் போனான். ஃபீமி கதவைச் சாத்தினாள்.

அடுத்த வாரம் எனக்குக் காகிதம் வந்தது, நான் போய்க் கையெழுத்துப் போட்டேன். பையன்கள் கைவண்டி தள்ள, கட்டிலையும் ஐந்து கோப்பைகளையும் ஏற்றிக்கொண்டு மேட்டுக்குப் போய்விட்டேன். வேறு ஆலைக்கும் மாறிக்கொண்டேன்.

டேவினா பெட்ரி அதற்குப் பிறகு பதினோரு வருஷம் இருந்தாள். இரண்டு டாக்டர்கள் தனித்தனியாக வந்து பார்த்து, இதயம் குதிரை மாதிரி இருக்கிறது என்றார்களாம். கிழவி நம்பவில்லை. கட்டிலை விட்டு இறங்கவும் இல்லை. காலையில் கிளம்பி சாயங்காலம் வரை தறியில் நின்றுவிட்டு வந்து, கிழவியின் மலப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு மாடி இறங்குவது ஃபீமியின் வேலை. கிடைத்த வீட்டை வேண்டாம் என்றவர்கள் பெயர் பட்டியலின் அடிக்குப் போனது, மேலே வரவே இல்லை. ஃபீமி அதற்குப் பிறகு யாருக்கும் தேயிலை பார்க்கவில்லை. தறியில் கோப்பையை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று கேள்விப்பட்டேன். இதெல்லாம் எனக்கு மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். அந்தச் சந்துப் பக்கம் நான் போனதில்லை. எதிரே வந்தால் அவளும் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவாள்.

போன மாதம் கிழவி செத்தாள். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் ஃபீமி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அதே தொப்பியா, வேறா, தெரியவில்லை. நாற்பதுதான் ஆகிறது, பார்த்தால் அறுபது சொல்லலாம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நேராக உள்ளறைக்குப் போனாள். வலது கையுறையைக் கழற்றிவிட்டு வெளிச்சுவரில் உள்ளங்கையை வைத்தாள். வைத்தபடியே நின்றாள்.

"காஞ்சிருக்கு."

"ஆமா."

"ஜனவரியிலயும் இப்படித்தானா?"

"ஆமா ஃபீமி."

கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டாள். "அன்னைக்கு நீ பாத்தே," என்றாள். கேள்வி இல்லை.

"பாத்தேன்."

அவ்வளவுதான் நான் சொன்னேன். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். வாய் வரை வந்தது. ஆனால் அவள் நின்ற தோரணையைப் பார்த்ததும் பழைய எரிச்சல்தான் முதலில் வந்தது.

"எல்சி நெஞ்சு ஆஸ்பத்திரியில இருக்கா," என்றாள். "எட்டு மாசமாச்சு. போன வாரம் டீ குடிச்சுட்டு, என் கப்பப் படிம்மான்னு நீட்டுனா. நான் மாட்டேன்னுட்டேன். அன்னையிலருந்து அவ சாப்பிடல. மாட்டேன்னு சொன்னா என்ன அர்த்தம்னு அவளுக்குத் தெரியும்ல? பாட்டி கட்டிலுக்குப் பக்கத்துலயே வளந்தவ. நான் கப்பப் பாக்கவே இல்ல, தொடவே பயமா இருக்கு, அதான் மாட்டேன்னேன்னு சொன்னா நம்ப மாட்டேங்குறா. நீ வந்து சொல்லு. உங்கம்மா அன்னைக்கு வெறும் கோபத்துலதான் பாட்டி கப்பக் கவுத்தா, அதுல பறவதான் இருந்துச்சுன்னு சொல்லு. எனக்காக இல்ல. நீ எனக்கு ஒண்ணும் செய்ய வேணாம்."

ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர் நேரத்தில் இரண்டு பேரும் பேருந்தில் போனோம். ஆஸ்பத்திரி வராந்தாவில் வரிசையாகக் கட்டில்கள், ஜன்னல் எல்லாம் திறந்து கிடந்தது. எல்சிக்குப் பதினைந்து வயது. போர்வைக்கு மேலே இரண்டு மணிக்கட்டும் குச்சியாகக் கிடந்தன. ஃபீமி வெளியே படியிலேயே நின்றுவிட்டாள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பறவையைச் சொன்னேன், இரண்டு சிறகையும் சொன்னேன். அவள் அப்பா வந்து கேட்டதைச் சொன்னேன். எனக்கு வீடு வேண்டியிருந்தது, அதனால் பார்க்கவில்லை என்று பொய் சொன்னேன் என்றும் சொன்னேன். பதினோரு வருஷத்தில் அதை வாய்விட்டுச் சொன்னது அந்தக் குழந்தையிடம்தான். அவள் கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"டீனா அத்த," என்றாள். "எங்கம்மாவும் நீங்களும் பேசிக்கவே மாட்டீங்கல்ல?"

"மாட்டோம்."

"அப்படியிருந்தும் உங்களத் தேடி வந்து கூட்டிட்டு வந்திருக்காங்களா? அவ்வளவு மோசமாவா இருக்கேன்?"